பாரிடோன் பாடகருக்கு நான் பாடமாக்கிக் கொடுத்த வரி

பிள்ளைகளே, போன மாசி மாதம் அப்பா ஏன் சரியாகச் சாப்பிடவில்லை, ஏன் பேசவில்லை என்று நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டீர்கள். "வேலைக் களைப்பு" என்று சொல்லிவிட்டேன். அது பொய். உண்மையை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். பிழை இருந்தால் அம்மா திருத்துவா.

லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு இத்தாலியக் கிழவரை அவர் வீட்டுக்கே போய் நான் பராமரித்து வந்தேன். வயது எண்பத்திரண்டு. தனியாள். ஒரு காலத்தில் ஓபராவில் பாடியவர். ஓபரா என்றால் ஒரு கதையை முழுவதும் பாடியே நடிப்பது. கூத்து மாதிரித்தான், ஆனால் மைக் கிடையாது. அத்தனை வாத்தியங்களுக்கும் மேலால், தொண்டையை மட்டும் நம்பி, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கப் பாடவேண்டும்.

அவருடைய குரலுக்குப் பாரிடோன் என்று பெயர். ஆண் குரல்களில் உச்சிக்குப் போகிற குரல் ஒன்று, அடியில் கிடக்கிற குரல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பது இது. உச்சிக் குரல்காரன்தான் கதாநாயகன், காதலி அவனுக்குத்தான். அடிக்குரல்காரன் ராசாவாகவோ பாதிரியாராகவோ வந்து மரியாதையாகப் போய்விடுவான். நடுக்குரலுக்கு மிஞ்சுவது தகப்பன், தமையன், சந்தேகம் பிடித்த புருஷன், ஆட்களைச் சிறைக்கு அனுப்புகிற அதிகாரி. வாழ்க்கை முழுவதும் அவர் அந்த ஆட்களாகத்தான் இருந்திருக்கிறார். ஒரு கதையிலும் அவர் வென்றதில்லை.

என்னை அங்கே அனுப்பியது, வயதானவர்களைப் பராமரிக்க ஆள் அனுப்புகிற எங்கள் ஏஜென்சியின் மனேஜர் பிள்ளை. ஜெர்மனியில் வளர்ந்து இங்கே வந்த எங்கள் ஊர்ப் பெண்.

"அண்ணை, நீங்கள் இத்தாலியில இருந்தனீங்கள் எல்லே?" என்று ஃபோனில் கேட்டாள்.

"எட்டு வருசம். பலெர்மோவில."

"பாஷை வருமோ?"

"குசினிப் பாஷை வரும். வெங்காயம் உரி, நிலத்தைத் துடை. அவ்வளவுதான்."

"காணும் காணும். அந்த மனுசனுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சே இல்லாமல் போச்சு."

"பேச்சில்லாத ஆளுக்குப் பாஷை தெரிஞ்ச ஆள் எதுக்குப் பிள்ளை?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. மகள் அப்பிடிக் கேட்டிருக்கிறா. போய்ப் பாருங்கோவன்."

போய்ப் பார்த்தேன். வலது கை விழுந்துவிட்டது. வாயில் "த, த" என்ற ஒலியைத் தவிர ஒன்றும் இல்லை. ஓம், இல்லை என்பதற்குத் தலையாட்டினாலும் நம்பமுடியாது, மாறி ஆட்டுவார். தேத்தண்ணி வேண்டுமா என்றால் இல்லை என்று தலையை அசைத்துக்கொண்டே கையை நீட்டுவார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, நான் கொடுத்த தேத்தண்ணி சூடு கூடிப்போய்விட்டது. ஒரு வாய் வைத்தவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திப் பாடினார். முழுச் சொல்லாக, முழு வசனமாகப் பாடினார். "துரோகியே, என் கூரையின் கீழேயே எனக்கு நஞ்சு வைத்தாயா!" என்பது அதன் கருத்து. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் கையில் இருந்த துவாய் கீழே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து கிழமைக்கு ஒரு தரம் வருகிற பேச்சுப் பயிற்சிப் பெண் எனக்கு விளக்கினாள். பேச்சு மூளையின் ஒரு பக்கத்தில் இருக்கிறது, பாட்டு மறுபக்கத்திலும் இருக்கிறது. பேச்சுப் போகிற பாலம் உடைந்துவிட்டது, பாட்டுப் போகிற பாலம் நிற்கிறது. அதனால் பாட்டோடு ஒட்டிய சொல் மட்டும் வரும். "ஆனால் அவர் பாடுகிற சொல்தான் அவர் நினைக்கிற சொல் என்று நம்பிவிடாதே" என்றும் சொன்னாள். முதல் பாதியைக் கேட்டுத் தலையாட்டினேன். இரண்டாம் பாதியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவரிடம் ஒரு பழைய பள்ளிக் கொப்பி இருந்தது. தான் பாடிய ஒவ்வொரு பாத்திரத்தையும், பாடிய ஊரையும், பக்கத்தில் ஒரே ஒரு சொல்லையும் அதில் எழுதி வைத்திருந்தார். "நன்று." "குளிர்." "காய்ச்சலோடு." "சத்தமிட்டார்கள்." துறைமுக ஊர் ஒன்றில் பிறந்து, கூட்டத்தோடு சேர்ந்து பின்பாட்டுப் பாடித் தொடங்கியவர். முதலாவது தனிப் பாத்திரம் ஒரு கோட்டை வாசல் காவல்காரன், மொத்தம் மூன்று வரி. பிறகு சின்னத் தமையன்கள். முப்பது வயதிலேயே நரைமுடி ஒட்டிக்கொண்டு தகப்பனாக நடித்திருக்கிறார். கொப்பியின் நடுப்பக்கங்கள் முழுவதும் தகப்பன்மார்தான். மகளை வீட்டுக்குள் பூட்டுகிற தகப்பன், மகனைத் திருப்பி அழைக்கப் போகிற தகப்பன், பிழையை உணர்ந்து வரும்போது பிள்ளை செத்துக் கிடக்கக் காண்கிற தகப்பன். நாலு நாடு, ஐந்து நாடு என்று ஊர்கள் பெருகுகின்றன. கடைசிப் பக்கங்களில் மறுபடி பாத்திரங்கள் சிறுக்கின்றன. மருத்துவர், நீதவான். கடைசி ஊர் லண்டன். அதற்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

அந்தக் கொப்பியையும் அலமாரியில் இருந்த இசைத்தட்டுகளையும் வைத்து, அவர் எதைப் பாடினால் என்ன வேண்டும் என்று நான் பிடிக்கத் தொடங்கினேன். கத்திக்குத்துப்பட்டுச் சாகிறவனின் பாட்டு வந்தால் கால் நோகிறது. அதிகாரியின் பாட்டு வந்தால் நான் நேரம் பிந்தி வந்திருக்கிறேன். மகள் இத்தாலியில் இருந்து ஃபோன் எடுத்தால் தகப்பன் பாட்டு. மகள் அதை முடியும்வரை கேட்பா. ஒருநாள் என்னிடம் சொன்னா: "இந்தப் பாட்டைச் சின்ன வயதில் நான் மண்டபத்தில் இருந்துதான் கேட்டிருக்கிறேன். மேடையில் மகளாக நடிக்கிற வேறொருத்தியைப் பார்த்துப் பாடுவார்."

மார்கழியில் அவர் இரண்டு தரம் விழுந்தார். இரண்டு தரமும் நான் இல்லாத நேரம். ஊர்க் கவுன்சில் அவரை நேர்சிங் ஹோமில் சேர்ப்பது பற்றிப் பேசத் தொடங்கியது. மகளும் பயந்துபோய் அதுதான் நல்லது என்றா. அவவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மாதிரி இடங்களில் நானும் வேலை செய்திருக்கிறேன், பிள்ளைகளே. சத்தம் போடுகிறவர்களை அங்கே என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்துவார்கள். மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று எழுதுவார்கள். பிறகு அமைதிப்படுத்தக் குளிசை வரும். கால் நோகிறது என்று அவர் பாடும்போது, கிழவன் குழப்படி செய்கிறான் என்றுதான் அவர்களுக்குக் கேட்கும். குளிசை போட்டால் பாட்டும் நிற்கும். பாட்டும் நின்றால் அவருக்கு என்ன மிச்சம்?

ஒரு வழி இருந்தது. கவுன்சிலில் இருந்து சோசல் வேர்க்கர் ஒருவர் வருவார், கிழவரிடம் நேரே கேட்பார். கேள்வி விளங்கி, எங்கே இருக்க விருப்பம் என்று அவரே தெரிவித்தால், அவர் சொல்லுக்குத்தான் முதலிடம். தெரிவிக்க ஏலாவிட்டால் மற்றவர்கள் கூடி முடிவெடுப்பார்கள். வருகிற நாளுக்குப் பத்து நாள் இருந்தது.

இங்கேதான் உங்கள் அப்பாவின் மூளை வேலை செய்தது.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். யாராவது கேள்வி கேட்கப் போகிறார்கள் என்றால் விடையை முன்னதாகவே பாடமாக்கிவிடுவோம். நான் அகதி விசாரணைக்குப் போனபோது, முன்னுக்குப் போய்வந்த ஒருவர் இரண்டு தாளில் எழுதித் தந்தார். அதை நித்திரையிலும் சொல்லுவேன். இங்கே குடியுரிமைச் சோதனைக்கு ராசாக்களின் பெயரையெல்லாம் கருத்தே தெரியாமல் பாடமாக்கினேன். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு உங்களுக்கும் அப்படித்தான் செய்தேன். கொட்டாவி விட்டாலும் விடவில்லை. அப்படிச் செய்துதான் நாங்கள் எல்லா வாசலையும் தாண்டி வந்தோம். இதையும் தாண்டலாம் என்று நினைத்தேன்.

அவருடைய பாத்திரங்கள் முழுவதிலும் "நான் இங்கேதான் இருப்பேன்" என்று வருகிற ஒரு வரியைத் தேடினேன். லேசில் கிடைக்கவில்லை. பாரிடோன்கள் மற்றவர்களைத்தான் வெளியே போ என்பார்கள். கடைசியில் அந்த முதல் பாத்திரத்தில், வாசல் காவல்காரனிடம் கிடைத்தது. "இந்த வாசலை விட்டு நான் அசையேன்." அந்த மூன்று வரிக்கும் இசைத்தாள் ஒரு பெட்டிக்குள் இருந்தது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் தாளைக் கண்டதுமே அவர் பாடினார். அறுபது வருசத்துக்கு முந்திய வரி, தூசியே படியாமல் வந்தது.

அன்றிலிருந்து, ஒரு நாளைக்கு நான் போகிற நாலு தரமும், கழுவித் துடைத்துவிட்ட பிறகு, "எங்கே இருக்க விருப்பம்?" என்று கேட்பேன். அவர் அந்த வரியைப் பாடினால் ஒரு கரண்டி பீச் பழக் கூழ். அவருக்கு அதில் நல்ல விருப்பம். வேறு ஏதாவது பாடினால் கூழ் இல்லை. மூன்றாம் நாளே பிடித்துவிட்டார். ஏழாம் நாள் நான் வாயைத் திறக்க முதலே பாடினார். எனக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா கறி கிண்டிக்கொண்டு நின்றா.

"இஞ்சாருங்கோ, உங்கட அப்பாவுக்கு ஒருநாளாவது ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருப்பியளே? இப்ப வெள்ளைக்காரருக்குப் பாட்டுப் பழக்கிறியள்."

"அந்த மனுசனைக் கொண்டுபோகப் போறாங்கள், விளங்குதே?"

"எனக்கு விளங்குது. அந்த மனுசனுக்கு விளங்குதோ? பழம் தந்தால் நானும் பாடுவன்."

அம்மா பகிடிக்குத்தான் சொன்னா. நானும் சிரித்தேன். அந்த நேரமே நான் யோசித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. அவருக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுவிட்டேன். வந்தவ உயரமான ஒரு பெண்மணி, நனைந்த குடையோடு வந்து, தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டு அவருக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டா. ஆறுதலான குரல். இங்கிலிஷ் கிழவருக்கு நல்லாக விளங்கும், இங்கே எத்தனை வருசம் இருக்கிறார். நான் சுவரோடு நின்றேன்.

"நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டா.

அவர் பாடினார். என்ன மாதிரிப் பாடினார் தெரியுமா! அந்தப் பெண்மணி பேனையை மடியில் வைத்துவிட்டா. நான் கருத்தைச் சொன்னேன். "மிக அழகு" என்று சொல்லி எழுதினா. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகு, "இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டா.

இந்த வாசலை விட்டு நான் அசையேன்.

"இவர் யார்? உங்கள் மகனா?" என்று என்னைக் காட்டினா.

இந்த வாசலை விட்டு நான் அசையேன்.

"வெளியே மழையா, வெயிலா?"

அதே வரி, அதே கம்பீரம். ஒவ்வொரு தரமும் பாடி முடித்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, கூழ்ப் போத்தல் இருந்த பக்கம் பார்த்தார். வேறு பாட்டு ஏதாவது பாடு ஐயா, ஏதாவது ஒன்று, என்று மனத்துக்குள் கெஞ்சினேன். தாங்கமுடியாமல் குறுக்கே விழுந்தேன்.

"மேடம், அவருக்கு விளங்கும். அவருக்கு இங்கே இருக்கத்தான் விருப்பம், எனக்குத் தெரியும்."

"நான் அவரைக் கேட்கிறேன்" என்றா, கோபமே இல்லாமல்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டா. இன்னும் இரண்டு தரம் அதே வரி. தன் ஃபைலை மெல்ல மூடினா. "பாட்டு அழகாக இருக்கிறது. ஆனால் இது பதில் இல்லை" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு எழும்பினா.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று விளங்கிவிட்டது. அவர் அந்த வரியை மறுபடி பாடினார், இன்னும் சத்தமாக. பிறகு தகப்பன் பாட்டில் பாதி. பிறகு அதிகாரி. பிறகு எந்தப் பாட்டும் இல்லாத வெறும் சத்தம். இடது கையால் கதிரைக் கையை அடித்தார். நான் பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டார். அந்தப் பெண்மணி வாசலில் திரும்பி நின்று பார்த்தா. அவவுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? குழப்படி செய்கிற கிழவன். அவ்வளவுதான்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் நான் சப்பாத்தும் போடாமல் மழைக்குள் ஓடினேன். அவ காரைத் திறந்துகொண்டிருந்தா.

"மேடம், பிழை அவரில் இல்லை. நான்தான் பாடமாக்கினேன்."

"என்ன?"

சொன்னேன். பத்து நாள், நாளுக்கு நாலு தரம், பழக்கூழ். என் உடைந்த இங்கிலிஷில் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். காலுறைக்குள் தண்ணீர் ஏறியது. அவ குடையை என் தலைக்கு மேல் கொஞ்சம் நீட்டினா.

"அவரிடம் சொந்தமாக ஒரு பதில் இருந்திருக்கலாம். நீங்கள் உங்கள் பதிலை அதற்கு மேலே வைத்துவிட்டீர்கள்" என்றா.

ஓம் என்று தலையாட்டினேன்.

"இதை நான் எழுத வேண்டும், தெரியுமா? எழுதினால் இன்றைய விசாரணை செல்லாது. பேச்சுப் பயிற்சியாளரோடு மறுபடி வருவோம். ஆனால் அதுவரை நீங்கள் இந்த வீட்டுக்கு வரமுடியாது. பிறகும் வரலாம் என்று என்னால் சொல்ல ஏலாது. எழுதாவிட்டால், அவரால் தெரிவிக்க ஏலாது என்ற இன்றைய முடிவு நிற்கும். எழுதவா?"

ஏன் என்னைக் கேட்டா என்று எனக்கு இன்னும் தெரியாது. எழுதாமல் விட அவவுக்கு உரிமையே இல்லை என்று பிறகு விளங்கியது. வேலை போகுமா, உங்களுக்கு நான் என்ன சொல்வது என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. "எழுதுங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இங்கிலிஷில் சொன்னேன்.

திரும்பி உள்ளே போனேன். என் நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவருடைய கோட்டைக் கழற்றி, சிறுநீரில் நனைந்திருந்த உடுப்பை மாற்றினேன். புரைக்கேறாமல் இருக்கத் தேத்தண்ணிக்குள் தடிப்பாக்கும் தூளைக் கலந்து ஆற்றிக் கொடுத்தேன். அவர் அழுது களைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே அந்த வரியைத் தொடங்கினார், மெல்லிய குரலில், என் முகத்தைப் பார்த்துப் பார்த்து. "வேண்டாம், பாட வேண்டாம்" என்று இத்தாலியனில் சொன்னேன். போத்தலில் மிச்சமிருந்த கூழ் முழுவதையும் கரண்டி கரண்டியாகத் தீத்தினேன். நாளைக்கு வேறு ஆள் வரும், நான் வரமாட்டேன் என்றும் சொன்னேன். விளங்கியதோ தெரியாது. பாடவில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமைதான் நீங்கள் கண்டது. ஏஜென்சி என்னை வீட்டில் இருத்தி வைத்தது. நான் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனேன். சின்னவள் வீட்டுப்பாடம் கேட்டு வந்தபோது, "நீயே யோசி" என்று கத்தினேன். அது அவள் மேல் கோபம் இல்லை. அவரைக் கொண்டுபோயிருப்பார்களோ, அங்கே கதவைச் சாத்திவிட்டார்களோ என்ற ஒரே நினைப்பு. கேட்பதற்கும் எனக்கு உரிமை இல்லை. யாரைக் கேட்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வெம்பிளியில் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ்சுக்கு நிற்கும்போது மனேஜர் பிள்ளை ஃபோன் எடுத்தாள்.

"அண்ணை, உங்கட பாட்டுக்காரர் வீட்டிலதான் இருக்கப்போறார்."

மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"கேக்குதோ? பேச்சுப் பயிற்சிப் பிள்ளையும் கவுன்சில் ஆளும் படம் கொண்டுபோய் வச்சவையாம். நேர்சிங் ஹோமின்ர படம், அவற்ற வீட்டு வாசலின்ர படம், இன்னும் ரெண்டு மூண்டு. மாத்தி மாத்தி வச்சாலும் நாலு தரமும் வாசல் படத்திலதான் கையை வச்சவராம். காலமை சாப்பிட்டதைக் கேக்க, கோப்பைப் படத்தில வச்சவராம். எல்லாம் சரியாம். மகளும் ஓமெண்டிட்டா. மூண்டு மாசத்துக்குப் பிறகு திரும்பப் பாப்பினம்."

"என்ன பாடினவராம்?"

"பாடேல்லையாம் அண்ணை. ஒரு சொல்லும் பாடேல்லையாம். கையாலதான் காட்டினவராம்."

மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டேன். கை. இடது கை நல்லாகத்தானே இருந்தது. நாலு மாதம் அந்தக் கையைக் கழுவித் துடைத்தவன் நான்.

"நீங்கள் திங்கள் தொடக்கம் ஹவுன்ஸ்லோவில வேலை. ரெண்டு பேர் சேர்ந்து செய்யிறது, தனிய விடமாட்டினம், கோவிக்காதையுங்கோ. கிங்ஸ்பரிக்கு ஒரு போலந்துப் பிள்ளை போகுது."

"அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்டு என்னத்துக்கெண்டு தெரியாதே."

"அப்ப எழுதி அனுப்புங்கோ, நான் குடுக்கிறன்."

பஸ் வந்தது, ஏறாமல் இருந்து ஃபோனில் எழுதினேன். அதிகாரி பாட்டு என்றால் நேரம் பிந்தி வந்தீர்கள் என்று கோபம். காவல்காரன் என்றால் பழக்கூழ். தகப்பன் பாட்டென்றால் மகளை நினைக்கிறார். அரைப்பக்கம் வந்ததும் வாசித்துப் பார்த்தேன். நினைக்கிறார் என்று எனக்கு யார் சொன்னது? ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. தேத்தண்ணியை ஆற்றிக் கொடுக்கவும். குத்துப்பட்டவன் போலப் பாடினால் காலைப் பார்க்கவும், காலாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், கேட்டுவிட்டு அவருடைய இடது கையைப் பாருங்கள். அனுப்பினேன்.

அடுத்த பஸ்சில் ஏறி இருந்தபோது, மனேஜர் பிள்ளை வழியாக அந்தப் போலந்துப் பிள்ளையின் பதில் வந்தது. சரி என்று உயர்த்திய ஒரு கட்டைவிரல் படம் மட்டும்.